ஆனைகட்டி: கைபேசியில் தமிழைச் சோதித்த கதை

மலர்க் குழுவினர் இந்த ஆண்டு என்னிடம் கட்டுரை கேட்டபோது சற்றுத் தயங்கினேன். "எனக்குத் தெரிந்ததெல்லாம் கறுப்புத் திரையில் கட்டளை அடித்துக் கைபேசிகளைச் சோதிப்பதுதான். அதையெல்லாம் மலரில் யாருங்க படிப்பாங்க?" என்று கேட்டேன். குழுவின் மூத்தவர் ஒருவர், "கல்வெட்டைப் பற்றி எழுதுகிறோம், செப்பேட்டைப் பற்றி எழுதுகிறோம். தமிழ் கைபேசிக்குள் எப்படி வந்து சேர்ந்தது என்பதும் வரலாறுதானே அம்மா, எழுதுங்கள்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆகவே எனக்குத் தெரிந்த அளவில், என் வீட்டில் நடந்த ஒரு சம்பவத்தைத் தொட்டு எழுதுகிறேன்.

ஊரும் எல்லையும்

எனக்குச் சொந்த ஊர் ஆனைகட்டி. கோயம்புத்தூரிலிருந்து தடாகம், மாங்கரை வழியாக மலை ஏறினால் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். சாலிம் அலி பறவையியல் மையம் இருக்கும் ஊர் என்று சொன்னால் சிலருக்குத் தெரியும். ஊரை ஒட்டியே மாநில எல்லை போகிறது. இந்தப் பக்கம் கோவை மாவட்டம். கொடுங்கரைப்பள்ளத்தைத் தாண்டினால் பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடி. 1956 நவம்பர் 1ஆம் தேதி மாநிலங்களைப் பிரிக்கும் வரை அட்டப்பாடியும் மலபார் மாவட்டத்தோடு சென்னை மாநிலத்தில்தான் இருந்தது. எங்கள் வீடு அந்தப் பக்கம். ரேஷன் கார்டு மலையாளத்தில், வீட்டில் பேச்சு தமிழில். பலகைகளில் ஊர்ப் பெயர் தமிழில் ஆனைகட்டி என்றும், மலையாளத்தில் ஆனக்கட்டி என்றும் இருக்கும். பள்ளிக்கூடத்தில் எந்த மொழியில் சேர்ப்பது என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பேச்சு நடந்திருக்கும். எங்கள் அம்மா ஐந்தாம் வகுப்பு வரை தமிழில் படித்தவர். அந்த ஐந்து வருடப் படிப்பின் மேல் அவருக்குத் தனிப் பெருமை உண்டு.

நான் வேலைக்காகப் புனே வந்து பல ஆண்டுகள் ஆயின. 2013 பொங்கலுக்கு நம் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் எழுதிய கட்டுரைகளை ஒரு சிறிய கைபேசிச் செயலியாகச் செய்து, ஊரில் இருக்கும் தாத்தா பாட்டிகளும் படிக்கும்படி அனுப்பலாம் என்று முடிவாயிற்று. மென்பொருள் சோதனை என் தொழில் என்பதால் அந்தப் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன். ஒன்பது வயதான என் மகள் 'அம்மாயி ஊர்' என்று ஒரு பக்கம் எழுதியிருந்தாள். யானை, மலை, மழை, அம்மாயி வீட்டுக் கோழி எல்லாம் அதில் இருந்தன.

என் கணினியில் எமுலேட்டரை ஓட்டி எல்லாப் பக்கங்களையும் பார்த்தேன். எழுத்து முத்து முத்தாக இருந்தது. அனுப்பிவிட்டேன். மறுநாள் அம்மா கூப்பிட்டார்.

"ஏங்கண்ணு, பாப்பா நம்மூரு பேரையே தப்பா எழுதியிருக்குதே. ஆனகைட்டின்னு போட்டிருக்குது. கொம்பையெல்லாம் எழுத்துக்குப் பின்னாடி போடுது. அங்க தமிழெல்லாம் ஒழுங்காச் சொல்லித் தர்றதில்லையா?"

பக்கத்தில் இருந்த மகளின் காதில் அது விழுந்துவிட்டது. நோட்டை எடுத்து வந்து, தான் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன் என்று காட்டினாள். அம்மாயிக்கு அது எப்படித் தெரியும்? அடுத்த சனிக்கிழமை வகுப்புக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். வெளிமாநிலத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கும் நமக்கெல்லாம் அந்த வார்த்தை எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஐந்து எழுத்தும் எட்டுக் குறியும்

நடந்தது என்ன என்பதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். ஆனைகட்டி என்ற சொல்லில் நம் கணக்குப்படி ஐந்து எழுத்து: ஆ, னை, க, ட், டி. யூனிகோடு கணக்குப்படி எட்டுக் குறிகள்: ஆ, ன, ஐகாரக் கொம்பு, க, ட, புள்ளி, மறுபடி ட, இகர விசிறி. 1991இல் யூனிகோடின் முதல் பதிப்பு வந்தபோது, இந்திய அரசின் இஸ்கி முறையைப் பின்பற்றித் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கினார்கள். அந்த முறையில் எழுத்துகள் உச்சரிக்கும் வரிசையில் சேமிக்கப்படும். எழுதும் வரிசையில் அல்ல. னகரத்துக்குப் பின்னால்தான் ஐகாரக் கொம்பு நினைவகத்தில் இருக்கும். திரையில் காட்டும்போது அதைத் தூக்கி னகரத்துக்கு முன்னால் வைப்பது கருவிக்குள் இருக்கும் எழுத்துக்கோப்பு நிரலின் வேலை.

அந்த நிரல் இல்லாத கைபேசியில் கொம்பு இருந்த இடத்திலேயே நின்றுவிடும். அடுத்து வருவது ககரம். படிப்பவர் கண்ணுக்கு அந்தக் கொம்பு ககரத்தோடு சேர்ந்து 'கை' ஆகிவிடும். ஆனைகட்டி ஆனகைட்டி ஆனது இப்படித்தான். வேறு மாதிரி கெட்டிருந்தால், கட்டம் கட்டமாகத் தெரிந்திருந்தால், அம்மா "போன் ரிப்பேரு" என்று விட்டிருப்பார். இது தமிழ் பழகும் பிள்ளைகள் செய்கிற பிழை மாதிரியே இருந்ததுதான் வம்பாகப் போயிற்று.

இதற்கு முந்திய காலத்தில் வேறு ஏற்பாடு இருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு தாம், தாப் என்ற இரு குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் தரப்படுத்தியது. உலகத் தமிழர்கள் பலர் திஸ்கி என்ற குறியேற்றத்தைப் பயன்படுத்தினார்கள். தாப், திஸ்கி இரண்டிலும் கொம்பு முன்னால் எழுதினால் முன்னாலேயே சேமிக்கப்படும். கருவிக்குப் புத்தி தேவையில்லை. எழுத்துரு இருந்தால் போதும். இந்தச் சின்ன விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

கைபேசிக்குத் தமிழ் வந்த வழி

கைபேசிகளில் முதலில் வந்தது குறுஞ்செய்தி. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து இடம் உண்டு. யூனிகோடில் அனுப்பினால் 70தான். ஆனைகட்டி என்று ஒரு தடவை எழுதினாலே அதில் 8 போய்விடும். பெறுகிறவர் கைபேசியில் தமிழ் தெரியுமா என்பது தனிக் கேள்வி. 2005 பொங்கலை ஒட்டி மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய 'செல்லினம்' சிங்கப்பூரில் வெளிவந்தது. ஜாவா வசதியுள்ள கைபேசிகளில் தமிழில் செய்தி எழுதவும் படிக்கவும் அது வழி செய்தது. கைபேசித் தமிழின் வரலாற்றில் அதை ஒரு மைல்கல் எனலாம்.

அதன் பிறகு நம்மில் பலருக்கு நினைவிருக்கும் ஒரு தந்திரம் வந்தது. ஓப்பரா மினி உலாவியின் முகவரிப் பெட்டியில் 'ஓப்பரா கான்ஃபிக்' என்று அடித்து, சிக்கலான எழுத்துகளுக்குப் படமாக்கிய எழுத்துருவைப் பயன்படுத்து என்ற வரியில் 'யெஸ்' கொடுத்துச் சேமித்தால், கட்டங்கள் மறைந்து தமிழ் தெரியும். அந்த நிறுவனத்தின் வழங்கியே எழுத்துகளைப் படமாக வரைந்து அனுப்பும். கைபேசிக்கு வேலையே கிடையாது. எத்தனையோ பேருக்கு நான் இதைத் தொலைபேசியில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

ஆண்ட்ராய்டில் தமிழ் எழுத்துக்கோப்பு 2011 அக்டோபரில் வந்த 4ஆம் பதிப்பில்தான் சேர்ந்தது. 2010 டிசம்பரில் வந்த 2.3 பதிப்பில் கிடையாது. என் தம்பி அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்திருந்தது 2.3 பதிப்பில் ஓடும் மலிவு விலைக் கைபேசி. நான் சோதித்த எமுலேட்டரோ 4ஆம் பதிப்பு. செயலியோடு தமிழ் எழுத்துருவையும் சேர்த்து அனுப்பியிருந்தேன். அதனால் கட்டம் வரவில்லை. எழுத்துகள் வந்தன, வரிசை வரவில்லை.

எமுலேட்டர் என்பது என்ன?

ஒரு பொறி இன்னொரு பொறியின் வேஷம் கட்டி ஆடுவதுதான் எமுலேட்டர். 1964இல் ஐபிஎம் நிறுவனம் சிஸ்டம் 360 என்ற கணினி வரிசையை அறிவித்தபோது, வாடிக்கையாளர்கள் தங்கள் பழைய 1401 கணினியின் நிரல்களை விட்டுவிட்டு வரத் தயாராக இல்லை. அந்த நிரல்களைப் புதிய கணினியிலேயே ஓட்டும் ஏற்பாட்டுக்குத்தான் இந்தப் பெயரை வைத்தார்கள். ஆக எமுலேட்டர் பிறந்ததே பழையதைக் காப்பாற்றுவதற்காக.

கைபேசி உலகில் அது வேறு காரியத்துக்கு வந்தது: இன்னும் கையில் கிடைக்காத கருவியில் முன்கூட்டியே ஓட்டிப் பார்க்க. ஜாவா கைபேசிகளுக்குச் சன் நிறுவனம் கொடுத்த கருவித்தொகுப்பிலேயே, கட்டளை வரியிலிருந்து இயக்கக்கூடிய எமுலேட்டர் இருந்தது. 2007 நவம்பரில் ஆண்ட்ராய்டின் கருவித்தொகுப்பு முதன்முதலாக வெளியானபோது உலகத்தில் ஓர் ஆண்ட்ராய்டு கைபேசியும் விற்பனையில் இல்லை. முதல் கைபேசி வந்தது 2008 அக்டோபரில். அதுவரை எல்லாரும் எமுலேட்டரில்தான் பார்த்தார்கள். ஃபேப்ரிஸ் பெல்லார்ட் 2003இல் வெளியிட்ட க்யூஎமு என்ற நிரலின் மேல் கட்டப்பட்டது அது. கைபேசியின் சில்லு முதற்கொண்டு எல்லாவற்றுக்கும் வேஷம் கட்டும். ஐபோனுக்கு இருப்பதைச் சிமுலேட்டர் என்பார்கள். அது சில்லுக்கு வேஷம் கட்டுவதில்லை. மேக் கணினியின் சில்லிலேயே நேராக ஓடும். அதைக் கட்டளை வரியிலிருந்து ஆட்டி வைப்பது சிம்கட்டில் என்ற கருவி.

கறுப்புத் திரையின் கட்டளைகள்

சுட்டியால் தட்டிப் பார்க்கலாமே, கட்டளை எதற்கு என்று கேட்கலாம். ஒரு தடவை பார்க்கத் தட்டினால் போதும். பத்துக் கருவியில், ஒவ்வொரு மாற்றத்துக்கும், ஒரே மாதிரி பார்க்க வேண்டுமானால் கட்டளையாக எழுதி வைத்துவிடுவதுதான் வழி.

ஆண்ட்ராய்டில் இதற்கு ஏடிபி என்று பெயர். அதில் 'பி' என்பது பாலம். கணினிக்கும் கருவிக்கும் நடுவில் போட்ட பாலம். அந்தப் பக்கம் இருப்பது எமுலேட்டரா, கம்பியில் மாட்டிய கைபேசியா என்று அது பேதம் பார்ப்பதில்லை. 'ஏடிபி டிவைசஸ்' என்றால் இணைந்திருக்கும் கருவிகளை வரிசையாகச் சொல்லும். 'ஏடிபி இன்ஸ்டால்' செயலியை ஏற்றும். 'ஏடிபி லாக்கேட்' கருவி உள்ளுக்குள் முணுமுணுப்பதையெல்லாம் கொட்டும். 'ஸ்கிரீன்கேப்' திரையைப் படம் பிடிக்கும். எமுலேட்டரை இயக்கும்போதே 'நெட்ஸ்பீட் ஜிஎஸ்எம்' என்று சேர்த்தால், வினாடிக்கு 14.4 கிலோபிட் என்ற நத்தை வேகத்துக்கு இணையத்தைக் கட்டிப்போடும். எங்கள் ஊரில் இணையம் எப்படி இருக்கும் என்று புனேயில் உட்கார்ந்தே பார்த்துவிடலாம். எமுலேட்டரின் முனையத்தில் 'ஜியோ ஃபிக்ஸ்' என்று நெட்டாங்கையும் அகலாங்கையும் கொடுத்தால், அது தான் ஆனைகட்டியில் இருப்பதாகவே நம்பிக்கொள்ளும். 'ஜிஎஸ்எம் வாய்ஸ் ரோமிங்' என்றால் எல்லை தாண்டிய மாதிரி நடிக்கும். எங்கள் ஊரில் அதற்குக் கட்டளையே வேண்டாம். தமிழ்நாட்டு வட்டம் ஒரு பக்கம், கேரள வட்டம் மறு பக்கம். வாசலிலிருந்து கொல்லைக்குப் போனாலே சில சமயம் கோபுரம் மாறிவிடும்.

'மங்கி' என்றும் ஒரு கட்டளை உண்டு. குரங்கு கையில் கொடுத்த மாதிரி, கண்ட இடத்தில் ஆயிரம் தடவை தட்டிச் செயலி தாங்குகிறதா என்று பார்க்கும். இந்த யோசனைக்கு வயது அதிகம். 1983இல் ஆப்பிள் நிறுவனத்தில் ஸ்டீவ் காப்ஸ் மெக்கின்டோஷ் கணினியைச் சோதிக்க இதே பெயரில் ஒன்று எழுதினார். மாங்கரைக்கு மேலே பஸ் ஜன்னலில் தேங்காய் பன்னைப் பறிகொடுத்தவர்களுக்கு இந்தப் பெயரின் பொருத்தம் புரியும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். 'ஏடிபி ஷெல் இன்புட் டெக்ஸ்ட்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. விரல் படாமல் கருவியில் எழுத்தை உள்ளிடும். ஆங்கிலத்தில் எதைக் கொடுத்தாலும் அடிக்கும். அம்மா என்று தமிழில் கொடுங்கள், பிழை காட்டி நின்றுவிடும். நம் மொழியில் சோதிப்பவர்கள் இதற்கென்று தனியாக ஒரு விசைப்பலகைச் செயலியை ஏற்றி, அதன் வழியாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். கருவி செய்தவர்களுக்குத் தமிழ் மேல் கோபம் ஒன்றுமில்லை. தமிழில் அடித்துப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். தமிழில் சோதிப்பது தமிழ் தெரிந்தவர்கள் தலையில்தான் விழுகிறது.

பிழையைப் பிடித்தது

என் கதைக்கு வருகிறேன். அம்மாவின் திரையைத் தம்பியை விட்டுப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். பார்த்ததும் விளங்கிவிட்டது. அன்றிரவே 2.3 பதிப்பில் புதிய எமுலேட்டர் ஒன்றைக் கட்டளை வரியில் உண்டாக்கினேன். அந்தக் காலத்து எமுலேட்டர் எழுந்து வருவதற்குள் ஒரு காப்பி போட்டுக் குடித்து வரலாம். எழுந்ததும் செயலியை ஏற்றினேன். ஆனகைட்டி என்று அச்சு அசலாக வந்து நின்றது.

எமுலேட்டர் என்னிடம் பொய் சொல்லவில்லை. அம்மாவின் கையில் என்ன கருவி இருக்கிறது என்று நான் கேட்காததுதான் பிழை. என்னிடம் இருந்த கருவியைப் போல ஒன்றைச் செய்து, அதில் பார்த்துவிட்டு, எல்லாருக்கும் சரியாகத் தெரியும் என்று நம்பிவிட்டேன்.

அதைச் சரி செய்தது எது தெரியுமா? முன்னே சொன்னேனே, 1999இன் தாப் குறியேற்றம், அதுதான். பழைய பதிப்பு என்றால் யூனிகோடு எழுத்தைத் தாப் வரிசைக்கு மாற்றி, அதற்குரிய எழுத்துருவில் காட்டும்படி சில வரிகள் சேர்த்தேன். கொம்பு முன்னால் வந்தது. வழக்கொழிந்துவிட்டது என்று நாங்கள் மூட்டை கட்டி வைத்திருந்த ஒன்று, 14 ஆண்டுகள் கழித்து அட்டப்பாடியில் ஒரு பாட்டிக்குப் பேத்தியின் கட்டுரையைப் படிக்கக் கொடுத்தது.

சட்டமும் கருவிச் சாலைகளும்

பிறகு நிலைமை வேகமாக மாறியது. எல்லாக் கைபேசியையும் ஒருவரே வாங்கி வைத்துச் சோதிக்க முடியாது என்பதால், உண்மையான கருவிகளை அடுக்கி வைத்து இணையம் வழியாக வாடகைக்கு விடும் நிறுவனங்கள் தோன்றின. 2011இல் மும்பையில் தொடங்கிய பிரவுசர்ஸ்டாக் அவற்றுள் பெரிதாக வளர்ந்தது. 2015இல் கூகுளும் அத்தகைய சோதனைக்கூடம் ஒன்றை அறிவித்தது. புனேயில் ஒரு கட்டளை அடித்தால் எங்கோ ஓர் அறையில் மாட்டியிருக்கும் கைபேசியில் நம் செயலி ஓடி, படம் திரும்பி வரும்.

அதைவிடப் பெரிய மாற்றம் அரசாணையால் வந்தது. 2016இல் இந்திய அரசு, ஐஎஸ் 16333 என்ற தர நிர்ணயத்தின் 3ஆம் பாகத்தைக் கைபேசிகளுக்குக் கட்டாயமாக்கி அறிவித்தது. இந்தியாவில் விற்கும் கைபேசி எதுவானாலும் அட்டவணை மொழிகள் 22இலும் எழுத்தைச் சரியாகக் காட்ட வேண்டும். ஆங்கிலம், இந்தி, இன்னும் ஓர் இந்திய மொழி ஆகியவற்றில் எழுதவும் வசதி வேண்டும். தவணைகள் சில தள்ளிப்போய்ப் பிறகு நடைமுறைக்கு வந்தது. கொம்பு சரியான இடத்தில் நிற்கிறதா என்று பார்ப்பது அதுவரை என்னைப் போன்றவர்களின் வீட்டு வேலையாக இருந்தது. இப்போது அது சோதனைக்கூடத்தின் வேலையும் ஆயிற்று.

இன்று புதிய கைபேசிகளில் ஆனகைட்டி வருவதில்லை. வேறு பிழைகள் வருகின்றன. ஆங்கிலத்தில் 'சப்மிட்' என்று அடங்கும் பொத்தானில் 'சமர்ப்பிக்கவும்' அடங்குவதில்லை, பாதியில் வெட்டுப்படும். வயதானவர்கள் எழுத்தைப் பெரிதாக வைத்துக்கொண்டால் வரியின் மேல் விசிறியும் கீழ்ச் சுழியும் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். 'செட்டிங்ஸ் புட் சிஸ்டம் ஃபான்ட் ஸ்கேல் 1.3' என்ற ஒரே கட்டளையில் இதைப் பார்த்துவிடலாம். பார்ப்பவர்கள் குறைவு. சோதிப்பவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். அவர்களுக்குக் கண் நன்றாகத் தெரிகிறது.

ஆகவே சங்க அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் விழா அழைப்பானாலும் பிள்ளைகளின் கட்டுரையானாலும் ஊருக்கு அனுப்பினால், "வந்துதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "எப்படித் தெரியுது, ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க" என்று கேளுங்கள். வீட்டில் பழைய கைபேசி இருந்தால் தூக்கிப் போடாமல் தமிழ் வகுப்புக்குக் கொடுங்கள். கணினி படிக்கும் பெரிய பிள்ளைகளுக்கு ஏடிபி கட்டளை பத்தைச் சொல்லிக் கொடுக்க நான் தயார்.

திருத்திய செயலியை அனுப்பிய மறுநாள் அம்மா மறுபடி கூப்பிட்டார். குறிகளைப் பற்றியும் வரிசையைப் பற்றியும் நான் விளக்கியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "அதெல்லாம் இருக்கட்டுங் கண்ணு. சொன்னவொடனே பாப்பா திருத்தி எழுதிட்டா பாரு, கெட்டிக்காரி" என்றார். மகள் தொலைபேசியைப் பிடுங்கி, "நான் ஒண்ணுமே மாத்தல அம்மாயி!" என்று கத்தினாள். அந்த வழக்கு எங்கள் வீட்டில் இன்னும் தீரவில்லை. சனிக்கிழமை வகுப்புக்கு மட்டும் அவள் அந்த வாரமே திரும்பிப் போய்விட்டாள்.